பொண்ண பதினொண்ணாவது சேக்க கவர்மென்ட் ஸ்கூல் தேடி அலைஞ்ச கதை (பாஸ் பர்சன்டேஜ் போர்ட பாத்து முடிவு பண்ணாதீங்க)

கிராமத்துல இருந்துக்கிட்டு புள்ளைய பதினொண்ணாவது எந்த அரசுப் பள்ளியில சேக்கறதுன்னு முழிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். எனக்கு யாராச்சும் மே மாசத்துலயே இதெல்லாம் சொல்லியிருந்தா எட்டாயிரம் ரூபா முழுசா மிச்சம், ஆட்டோ காசு ஒரு நாலாயிரம் மிச்சம், எம்பொண்ணுக்கு ஒன்றரை மாசப் பாடம் மிச்சம். அழுக கணக்கு தனி.

முதல்ல எங்க கதைய சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி சொல்றது புரியாது. எங்க ஊரு புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி தாலுகா பக்கம் ஒரு சின்ன கிராமம். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப எங்க தென்னை அத்தனையும் ஒரே ராத்திரில படுத்துருச்சு, அதுக்கப்புறம் வெறும் நெலத்த பாத்துக்கிட்டு உக்காந்தா சோத்துக்கு என்ன பண்றதுன்னு திருப்பூர் போயி பனியன் கம்பெனில சேந்தோம். நான் பவர் டேபிள் மிஷின்ல தையல், வீட்டுக்காரர் துணி கட்டிங். பொண்ணு அங்க மாநகராட்சிப் பள்ளியில ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சா. போன வருஷம் அவருக்கு சிங்கப்பூர் வேலை கெடைச்சு கெளம்பிட்டாரு, இங்க மாமியார் கீழ விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்துட்டாங்க, சரி ஊருக்கே போயிரலாம்னு ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நான் வந்துட்டேன். பொண்ணுக்கு பத்தாவது ரிசல்ட் 2025 மே 16 வந்துச்சு, 500க்கு 431. அவளுக்கு பி.எஸ்சி. அக்ரி படிக்கணும்னு ஆசை, தாத்தாவோட தோப்புல வளந்த புள்ள. அதனால பயோ மேத்ஸ் குரூப் (கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி) வேணும். நான் எட்டாவதோட நின்னவ, வீட்டுக்காரர் ஓ.டி. முடிச்சு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் போன்ல வருவாரு, "நீயே பாத்து சேத்துரு"ன்னு சொல்லிட்டாரு. சொல்றது ஈஸி.

ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு தனியார் பள்ளில இருந்து ரெண்டு பேரு பைக்குல வீட்டுக்கே வந்துட்டாங்க. எப்படித்தான் மார்க் தெரிஞ்சுச்சோ. "அக்கா, உங்க பொண்ணு மார்க்குக்கு ஃபீஸ்ல பாதி தள்ளுபடி, நீட் கோச்சிங்கும் நாங்களே குடுக்கறோம், வேன் உங்க வாசலுக்கு வரும்"னு மாமியார் கட்டில் பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் பேசுனாங்க. மாமியாருக்கு ரொம்ப சந்தோஷம், வேன் வாசலுக்கு வர்றதுன்னா ஊருல ஒரு மதிப்புல்ல. சீட்டு ஃபுல் ஆயிரும்னு அவசரப்படுத்தி எட்டாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. எந்தப் பள்ளின்னு சொல்லப்போறதில்ல, இதே மாதிரி மே மாசத்துல ஊரு ஊருக்கு சுத்துறவங்க நெறைய பேரு.

அப்புறம் சும்மா ஒரு சர்டிபிகேட் ஜெராக்ஸ்ல கையெழுத்து வாங்கத்தான் எங்க ஊரு மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன். அங்க இருந்த கணக்கு சார் மார்க் சீட்ட பாத்துட்டு கேட்ட முதல் கேள்வியே "ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியாம்மா?"ங்கறதுதான். ஆமா சார்னேன். "அப்ப ஏம்மா தனியார்ல போடுறீங்க, ஏழரை சதவீதம் போயிருமே"ன்னாரு. எனக்கு அப்பத்தான் விஷயமே தெரியும். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் முழுசா அரசுப் பள்ளில படிச்சிருந்தா மருத்துவத்துல 2020ல இருந்து 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, 2021ல இருந்து இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் இருக்கு, அதுல சீட்டு கெடைச்சா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும். அஞ்சு வருஷம் அரசுப் பள்ளில படிச்சுட்டு கடைசி ரெண்டு வருஷம் தனியார்ல போட்டோம்னா மொத்தமும் காலி. இத அந்த பைக்குல வந்தவங்க ஒரு வார்த்தை சொல்லல, சொல்லவும் மாட்டாங்க.

இதுல எல்லாரும் குழம்புற எடம் ஒண்ணு இருக்கு, நல்லா கேட்டுக்குங்க. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி இதெல்லாம் அரசுப் பள்ளி கணக்குல வரும். ஆனா அரசு உதவிபெறும் பள்ளி இதுல வராது. பேருலயே அரசுன்னு இருக்குதேன்னு எங்க நாத்தனார் அவ மகன எட்டாவதுல இருந்து உதவிபெறும் பள்ளில போட்டிருக்கா, நான் சொன்னப்ப அவ மூஞ்சி போன போக்கு எனக்கே கஷ்டமா இருந்துச்சு. கட்டாயக் கல்விச் சட்டத்துல, அதான் ஆர்.டி.இ. சீட்டுல, தனியார் பள்ளில எட்டாவது வரைக்கும் படிச்சுட்டு ஒம்பதாவதுல இருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. காலேஜ் போனதும் மாசம் ஆயிரம் ரூபா வர்ற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் இது ரெண்டும் இப்ப உதவிபெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு, அத வெச்சுக்கிட்டு ஏழரையும் கெடைக்கும்னு நெனச்சுராதீங்க, அது வேற இது வேற. எங்க சின்னவன் இந்த வருஷம் ஆறாவது, அவன இங்கிலீஷ் மீடியம் தனியார்ல போடச் சொல்லி வீட்டுல ஒரே சண்டை, நான் அசையல, ஆறாவதுலயே அரசுப் பள்ளில போட்டுட்டேன். கணக்கு அங்கதான ஆரம்பிக்குது.

அட்வான்ஸ திருப்பிக் கேட்டேன். முதல்ல "கரெஸ்பாண்டென்ட் ஊர்ல இல்ல", அப்புறம் "அட்மிஷன் முடியட்டும்", அப்புறம் போனையே எடுக்கல. நேர்ல போயி ரிசப்ஷன்ல உக்காந்துக்கிட்டே இருந்தேன், தண்ணி மட்டும் குடுத்தாங்க. எட்டாயிரம்ங்கறது நான் எத்தன ஜாக்கெட் தைக்கணும்னு அவங்களுக்கு எங்க தெரியப்போகுது. ரசீதுன்னு ஒண்ணு சீல் வெச்சு, திருப்பித் தருவோமா மாட்டோமான்னு எழுத்துல இல்லாம அஞ்சு ரூபா கூட குடுக்காதீங்க, வீட்டு வாசல்ல அட்வான்ஸ் கேட்டாலே கெளம்புங்கன்னு சொல்லிருங்க.

சரி அரசுப் பள்ளிதான்னு முடிவாயிருச்சு, எதுலன்னுதான் அடுத்த தலைவலி. எங்களுக்கு எட்டுற தூரத்துல மூணு. ஒண்ணு எங்க ஊருலயே இருக்கறது, உயர்நிலைப் பள்ளியா இருந்து மேல்நிலையா தரம் உயந்தது. ரெண்டாவது டவுன்ல இருக்கற பெண்கள் பள்ளி, பெரிய பேரு. மூணாவது எதிர்த் திசையில இன்னொரு கிராமத்துல, பையனும் பொண்ணும் சேந்து படிக்கற பள்ளி, அத பத்தி ஊருல யாரும் பெருசா பேசறதே இல்ல. மாவட்ட மாதிரிப் பள்ளியும் இருக்கு, தங்கிப் படிக்கறது, அதுக்கு பரீட்சையெல்லாம் வெச்சு எடுக்கறாங்க, ஒம்பதாவதுலயே முயற்சி பண்ணியிருக்கணும்னு சொன்னாங்க. உங்க புள்ள எட்டாவது ஒம்பதாவதுன்னா இப்பவே ஹெச்.எம். கிட்ட கேட்டு வெச்சுக்குங்க.

எங்க ஊரு பள்ளிதான் நடந்து போற தூரம், மனசுக்கும் அதான் புடிச்சிருந்துச்சு. ஆனா ஃபிசிக்ஸ்க்கு நிரந்தர ஆசிரியர் இல்ல, பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிகமா ஒரு பொண்ண போட்டிருக்காங்க, அதுவும் நல்லா சொல்லித்தர்ற புள்ளதான், ஆனா தொகுப்பூதியத்துல எத்தன நாளைக்கு இருக்கும், பி.எட். முடிச்ச புள்ள, நிரந்தர ஆசிரியர் வேலைக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சைக்கு படிச்சுக்கிட்டிருக்கு, பாஸானா போயிரும். அது போக பயாலஜில தாவரவியலுக்கு ஒரு டீச்சர் விலங்கியலுக்கு ஒரு டீச்சர் இருக்கணும், அங்க விலங்கியல் டீச்சரே ரெண்டையும் பாத்துக்கறாங்க. அந்தக் கணக்கு சாரே என்கிட்ட "நான் இங்க வேல பாக்குறேன், நானே சொல்லக்கூடாது, இருந்தாலும் அக்ரின்னா யோசிங்கம்மா"ன்னாரு. அவர மாதிரி ஆளு எல்லா ஊருலயும் ஒருத்தர் இருப்பாங்க, புடிங்க அவங்கள.

அப்புறம் டவுன் பள்ளி. வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ், பன்னெண்டாவதுல நூறு சதவீதத் தேர்ச்சின்னு. ஊருல யாரக் கேட்டாலும் "அங்கயே போடு ஆத்தா, வேற எதுக்கு யோசிக்கிற"ன்னாங்க. கூட்டமான கூட்டம், வரிசைல நின்னுதான் ஃபார்மே வாங்குனேன். ஜூன் முதல் வாரத்துல பயோ மேத்ஸ்ல சீட்டும் கெடைச்சுருச்சு, அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரருக்கு போன்ல சொல்றப்ப நானே என்னமோ கலெக்டர் ஆன மாதிரி சொன்னேன்.

அந்த நூறு சதவீதத்த பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இதுலதான் எல்லாரும் விழுறோம். பிளஸ் டூல ஒரு பாடத்துக்கு நூறு மார்க், பாஸுக்கு 35. செய்முறை இருக்கற பாடம்னா எழுத்துத் தேர்வு 70, பிராக்டிக்கல் 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வுல 15 எடுத்தாகணும், மொத்தமா 35 வரணும், அவ்வளவுதான். பிராக்டிக்கலும் அகமதிப்பீடும் பள்ளியிலயே பெரும்பாலும் முழுசா கெடைச்சுரும்னு வெச்சுக்குங்க, அப்ப எழுபதுக்கு பதினஞ்சு எடுத்த புள்ள 45ன்னு பாஸாயிரும். அந்தப் புள்ளையும் அந்த நூறு சதவீதத்துக்குள்ளதான் இருக்கு. எம்பொண்ணு அக்ரிக்கு கட் ஆஃப் எடுக்கணும்னா அந்த போர்டுல அவளுக்கு ஒரு தகவலும் இல்ல. நீங்க கேக்க வேண்டியது, போன வருஷம் இந்தக் குரூப்புல, பாடவாரியா, 80க்கு மேல எத்தன பேரு, 90க்கு மேல எத்தன பேருன்னு. பள்ளில அந்தப் பேப்பர் இருக்கும், ரிசல்ட் அனாலிசிஸ்னு அவங்களே மேல அனுப்பறதுக்கு தயார் பண்ணி வெச்சிருப்பாங்க. காட்டுறாங்களா மழுப்புறாங்களான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சுரும். நான் மூணாவது பள்ளிலதான் அத கண்ணால பாத்தேன், அந்த ஹெச்.எம். மேசை ட்ராயர்ல இருந்து எடுத்து எங்கிட்டயே குடுத்துட்டாரு, "இயற்பியல்ல நாங்க கொஞ்சம் வீக்குதாம்மா, வேதியியல் நல்லா இருக்கு"ன்னு அவரே சொன்னாரு.

டவுன் பள்ளில என்ன ஆச்சுன்னா, வகுப்புல எழுபது பேருக்கு மேல. தமிழ் மீடியம் இங்கிலீஷ் மீடியம் ரெண்டையும் சில பீரியட்ல ஒரே ரூம்ல உக்கார வெச்சுட்டாங்க, டீச்சர் ஒரு தடவ தமிழ்ல சொல்லி ஒரு தடவ இங்கிலீஷ்ல சொல்லி, ரெண்டு பக்கமும் பாதிப் பாடம்தான் போகுது. அது கூட பரவாயில்ல, பஸ்ஸுதான் எங்கள கொன்னுருச்சு. காலைல பிங்க் பஸ்ஸு நேரத்துக்கு வந்துரும், போறதுக்கு காசும் இல்ல. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடியறப்ப 5.40, எங்க ஊருக்குள்ள வர்ற டவுன் பஸ் 5.15க்கே கெளம்பிரும், அத விட்டா 7.30. ரெண்டு மணி நேரம் பதினஞ்சு வயசுப் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல நிக்கணும். மெயின் ரோட்டுல எறங்கி ஷேர் ஆட்டோல வரலாம்னா அங்கருந்து ஊருக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் ரெண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, தெருவிளக்கு கெடையாது. முதல் வாரம் நானே தினம் போயி நின்னேன், மாமியார தனியா விட்டுட்டு. அப்புறம் தெரிஞ்ச ஆட்டோக்காரர பேசுனேன், ஒரு தடவைக்கு 250, மழைன்னா 300. ஸ்பெஷல் கிளாஸ் இல்லாத நாள்ல தப்பிச்சோம். தச்சு சம்பாரிக்கறது ஆட்டோவுக்கே போச்சு. பொண்ணு வீட்டுக்கு வந்து சாப்டு படுத்தா போதும்னு ஆயிட்டா, "அம்மா நான் வேணா ஆர்ட்ஸ் குரூப் எடுத்துக்கறேன் அதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இல்லயாம்"னு ஒரு நாள் சொன்னா பாருங்க, எனக்கு அன்னிக்கு கோவமும் வந்துச்சு அழுகையும் வந்துச்சு, யாருகிட்ட காட்டுறது, மாமியாருக்கு கஞ்சி காச்சிக்கிட்டே அடுப்படில அழுதேன்.

அதுனால சொல்றேன், பள்ளிக்கூடத்த பாக்கறதுக்கு முன்னாடி சாயங்கால பஸ்ஸ பாருங்க. காலை பஸ் எல்லா ஊருக்கும் ஒரு மாதிரி இருக்கும். ஸ்பெஷல் கிளாஸ் எத்தன மணி வரைக்கும், பன்னெண்டாவது வந்தா அது இன்னும் எவ்வளவு நீளும், அதுக்கப்புறம் எந்த பஸ்னு கேட்டு நீங்களே ஒரு நாள் அந்த நேரத்துக்கு அந்த ஸ்டாப்புல போயி நின்னு பாருங்க. டைம் போர்டுல எழுதியிருக்கறது வேற, உண்மைல வர்றது வேற. பஸ் பாஸ் வர்ற வரைக்கும் யூனிபார்ம் போட்டிருந்தாலே ஏத்திக்குவாங்க, மினி பஸ்ல அந்த சலுகையெல்லாம் கெடையாது, காசு வேணும்.

ஜூலைல இன்னொரு இடி. டவுன் பள்ளி ஃபிசிக்ஸ் டீச்சர் மாறுதல் வாங்கிட்டு போயிட்டாங்க. நான் ஜூன்ல விசாரிச்சப்ப எல்லா பாடத்துக்கும் ஆள் இருந்தாங்க, பொய் சொல்லல அவங்க. ஆனா வருஷா வருஷம் பொது மாறுதல் கலந்தாய்வுன்னு ஒண்ணு நடக்கும், அதுல மூத்த டீச்சருங்க சொந்த ஊரு பக்கம் கேட்டு வாங்கிட்டுப் போயிருவாங்க, நம்ம மாதிரி உள்ளடங்குன ஏரியாவுக்கு பதிலுக்கு வர ஆள் வேணுமே. மே மாசத்துல நீங்க பாத்த ஸ்டாஃப் லிஸ்ட்டு ஜூலைல இருக்காது. அதுக்கு என்ன கேக்கலாம்னா, "இந்தப் பாடத்துக்கு இருக்கற சார் எந்த ஊருக்காரர், எத்தன வருஷமா இங்க இருக்காரு"ன்னு கேளுங்க. பக்கத்து ஊருக்காரர், வீடு கட்டி உக்காந்துட்டாருன்னா அவரு நகர மாட்டாரு. தெனமும் எழுபது கிலோமீட்டர் பஸ்ல வந்து போறவரு வாய்ப்பு கெடைச்சா கெளம்பிருவாரு, அவர குத்தம் சொல்லவும் முடியாது. ஆபீஸ்ல கேக்கறத விட வாசல்ல இருக்கற பெட்டிக்கடைல கேட்டா கரெக்டா சொல்லுவாங்க. யுடைஸ் பிளஸ் இணையதளத்துல எந்தப் பள்ளிய போட்டாலும் எத்தன ஆசிரியர், எத்தன புள்ளைங்க, கழிப்பறை எத்தனன்னு வரும்னு ஒருத்தர் சொல்லி பாத்தேன், அது நல்லதுதான், ஆனா எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லங்கறது அதுல இருந்து புரிஞ்சுக்க முடியல. இருவது ஆசிரியர் இருந்து என்ன, ஃபிசிக்ஸ்க்கு இல்லன்னா நம்ம புள்ளைக்கு அது காலிதான்.

அப்பத்தான் மூணாவது பள்ளிக்குப் போனேன், வேற வழி இல்லாம. போறப்ப நம்பிக்கையே இல்ல. ஒரு செவ்வாக்கெழம பத்தரை மணி இருக்கும், பிரேயர் முடிஞ்சு கிளாஸ் நடந்துக்கிட்டிருந்துச்சு. ஹெச்.எம். ரவுண்ட்ஸ் போயிருக்காரு உக்காருங்கன்னாங்க, நான் உக்காராம வராண்டால நடந்துக்கிட்டே போனேன், கெமிஸ்ட்ரி லேப் தெறந்து கெடந்துச்சு. பிளஸ் டூ புள்ளைங்க நாலு நாலு பேரா நின்னு பியூரெட்ட புடிச்சுக்கிட்டிருந்தாங்க, ஒரு பையன் கண்ண சுருக்கிக்கிட்டு சொட்டு சொட்டா விடுறான், பக்கத்துல ஒரு பொண்ணு "நிறுத்துடா நிறுத்துடா"ன்னு கத்துது, அவன் ஒரு சொட்டு கூட விட்டுட்டான், எல்லாம் ஊதாவா போயிருச்சு, அந்த சார் சிரிச்சுக்கிட்டே "ஊத்திட்டு மறுபடி எடு"ங்கறாரு. சிங்க் முழுக்க பெர்மாங்கனேட் கறை, பழுப்பா, தேச்சாலும் போகாத மாதிரி. டவுன் பள்ளி லேப்ப நான் பாத்தப்ப பியூரெட்டெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள்ள பளபளன்னு வரிசையா நின்னுச்சு, பூட்டு தொங்குச்சு. எட்டாவது படிச்சவளுக்கு என்ன தெரியும்னு கேக்கலாம், ஆனா மிஷினு ஓடுற கம்பெனி எது, ஆடிட்டுக்கு தொடச்சு வெச்ச கம்பெனி எதுன்னு பனியன் கம்பெனில வேல பாத்தவளுக்கு தெரியும்.

பாத்ரூம பத்தி ஹெச்.எம். கிட்ட கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. பஸ் ஸ்டாப்புல நிக்கற பிளஸ் டூ பொண்ணுங்கள்ல ஒருத்திய தனியா கூப்டு கேளுங்க, "மத்தியானம் தண்ணி வருமா, நாப்கின் மாத்த எடம் இருக்கா"ன்னு. நான் கேட்டப்ப ஒரு பொண்ணு "மத்தியானத்துக்கு மேல சில நாள் தண்ணி வராதுக்கா, மத்தபடி ஓகே"ன்னுச்சு. அந்த பதில நான் நம்புனேன். சேந்ததுக்கப்புறம் பாத்தா அதேதான்.

அங்க பயோ மேத்ஸ்ல முப்பதுக்கும் கொறைவான புள்ளைங்க, நாலு முக்கியப் பாடத்துக்கும் நிரந்தர ஆள், கெமிஸ்ட்ரி சாரு உள்ளூரு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மினி பஸ் எங்க ஊரு வழியா போகுது, பத்து ரூபா. அதுலயே ஒரு டீச்சரும் வர்றாங்க. ஊருல "டவுன் ஸ்கூல விட்டுட்டு அங்கயா போடுற"ன்னு பேசுனவங்க பேசிக்கிட்டேதான் இருக்காங்க.

மாத்தறதுன்னு முடிவு பண்ணி டி.சி. கேட்டப்ப டவுன் பள்ளில முகம் சுளிச்சாங்க, எண்ணிக்கை கொறையுதுல்ல. டி.சி. கையில வாங்கிட்டா மட்டும் முடிஞ்சுராது, எமிஸ்ல இருந்து, அதான் பள்ளிக் கல்வித்துறையோட கம்ப்யூட்டர் பதிவுல இருந்து, புள்ளையோட பேர பழைய பள்ளி விடுவிச்சு காமன் பூல்னு சொல்றாங்களே அதுக்கு அனுப்பணும், அப்பத்தான் புதுப் பள்ளில ஏத்த முடியும். ஆபரேட்டர் லீவு, சர்வர் வேல செய்யல, இப்படியே நாள் ஓடுச்சு, அந்த இடைவெளில எம்பொண்ணு எந்தப் பள்ளி ரிஜிஸ்டர்லயும் இல்ல, வீட்டுல உக்காந்து மாமியாருக்கு கால் அமுக்கி விட்டுக்கிட்டிருந்தா. ஆபீஸ விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே "எமிஸ்ல அனுப்பிட்டீங்களா"ன்னு கேட்டு, புதுப் பள்ளிக்கு போன் போட்டு வந்துருச்சான்னு உறுதி பண்ணிட்டு எந்திரிங்க. மாத்தறதா இருந்தா ஜூலைக்குள்ள மாத்துங்க, அப்புறம் போகப் போக சிக்கல்தான்.

இன்னொண்ணு, வேற மாவட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு. ஏழரை சதவீதத்துக்கு ஆறாவதுல இருந்து எந்தெந்த வருஷம் எந்தப் பள்ளின்னு ஒவ்வொரு பள்ளில இருந்தும் சான்று வேணும். டி.சி. வாங்கறப்பவே ஆறுல இருந்து பத்து வரைக்கும் படிச்சதுக்கு படிப்புச் சான்று, ஹெச்.எம். கையெழுத்து சீலோட வாங்கி வெச்சுருங்க. எங்கிட்ட இத யாரும் சொல்லாததால அதுக்குன்னே மறுபடி திருப்பூர் போனேன், போக வர பஸ்ஸு, சாப்பாடு, மாமியார பாத்துக்க ஆள் கூலி எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்கு பக்கம். பொண்ணோட ஆறாவது கொரோனா வருஷம், பள்ளிக்கூடமே தெறக்கல, ஆனா ரிஜிஸ்டர்ல பேரு இருந்துச்சு, அது போதும்னாங்க.

மீடியம் பத்தி நெறைய பேரு கேப்பாங்க. பத்து வருஷம் தமிழ்ல படிச்ச புள்ளைய பதினொண்ணாவதுல இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்துனா அந்த வருஷம் அர்த்தம் புரியாமயே போயிரும்னு எங்க கெமிஸ்ட்ரி சார் சொன்னாரு, நாங்க தமிழ்லயே விட்டுட்டோம். அது போக அரசு வேலைக்கு தமிழ் வழில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, அதுக்கு ஒண்ணாவதுல இருந்து அந்த வேலைக்கு கேக்குற படிப்பு வரைக்கும் தமிழ் வழியா இருக்கணும். நடுவுல மாத்துனா அதுவும் போச்சு. புள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம்தான் வேணும்னா அத தப்புன்னு சொல்லல, தெரிஞ்சுக்கிட்டு மாத்துங்க.

நாங்க பள்ளி மாத்தி முடிச்ச கையோட 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கைய வெளியிட்டாங்க, 2025-26ல இருந்து பதினொண்ணாவதுக்கு பொதுத்தேர்வு கெடையாதுன்னு. எம்பொண்ணு குதிச்சா. எனக்கு வயித்த கலக்குச்சு. ஏன்னா 2018க்கு முன்னாடி பதினொண்ணாவதுக்கு பொதுத்தேர்வு இல்லாதப்ப, சில பள்ளிங்கள்ல பதினொண்ணாவது பாடத்த பேருக்கு நடத்திட்டு பன்னெண்டாவது பாடத்த ரெண்டு வருஷம் மனப்பாடம் பண்ண வெப்பாங்கன்னு அந்தக் கணக்கு சாரே சொல்லியிருக்காரு. நீட்டுக்கு ரெண்டு வருஷப் பாடமும் வரும், காலேஜுல போயி உக்காந்தாலும் பதினொண்ணாவது பாடம்தான் அடிப்படை. அதனால இனிமே சேக்கப் போறவங்க இந்தக் கேள்வியையும் சேத்துக்குங்க, "பதினொண்ணாவது புக்க முழுசா நடத்துவீங்களா, எந்த மாசத்துல முடிப்பீங்க"ன்னு. நேரடியா கேக்கக் கூச்சமா இருந்தா ஒரு பதினொண்ணாவது புள்ளையோட ஃபிசிக்ஸ் நோட்ட வாங்கிப் பாருங்க, எத்தனாவது பாடம் ஓடுதுன்னு தெரிஞ்சுரும்.

பள்ளில படிக்கறப்பவே எழுதுற ரெண்டு உதவித்தொகைப் பரீட்சை இருக்கு, நெறைய பள்ளில சொல்றதே இல்ல. ஒண்ணு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு மட்டும், ஆயிரம் பேர எடுத்து வருஷத்துக்கு பத்தாயிரம், டிகிரி முடிக்கற வரைக்கும் குடுக்கறாங்க. இன்னொண்ணு பதினொண்ணாவதுல எழுதுற தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1500 பேருக்கு மாசம் 1500 ரூபா ரெண்டு வருஷத்துக்கு, அதுல பாதி அரசுப் பள்ளிக்கு. போன வருஷம் உங்க பள்ளில எத்தன பேர அப்ளை பண்ண வெச்சீங்கன்னு கேட்டுப் பாருங்க, டவுன் பள்ளில நான் கேட்டதுக்கு "அதெல்லாம் புள்ளைங்க விருப்பம்மா"ன்னாங்க, இங்க கிளாஸ் டீச்சரே எல்லாரு பேரையும் எழுதி அனுப்புறாரு.

காலாண்டு பரீட்சை பேப்பர் குடுத்துட்டாங்க. கெமிஸ்ட்ரி 81, கணக்கு 74, ஃபிசிக்ஸ் 58. விட்டுப்போன பாடத்த எல்லாம் சனிக்கெழமல மினி பஸ்ல கூட வர்ற அந்த டீச்சர் உக்கார வெச்சு சொல்லித் தர்றாங்க, டியூஷன் காசு வேணாம்னுட்டாங்க, நான் அவங்களுக்கு ரெண்டு பிளவுஸ் தச்சுக் குடுத்தேன். அந்த எட்டாயிரத்த மட்டும் இன்னும் விடல, துண்டுச் சீட்ட பத்திரமா வெச்சிருக்கேன், தீபாவளிக்கு வீட்டுக்காரர் லீவுல வர்றாரு, அவரையும் கூட்டிக்கிட்டு ஒரு தடவ போயி உக்காந்து பாக்கணும்.